படைத்தலைவர் கிராண்டின் இல்லறம்

உலக சரித்திர நூல்களைப் புரட்டுவோர் ஆங்கே படைத்தலைவர் பலரைக் காண்பர். அவர்கள் வென்ற கோட்டைகளும் கொண்ட நகரங்களும் ஆண்டுக் கணக்கோடு அந்நூல்களிற் பதியப்பெற்றுள்ளன. அப்படைத்தலைவர்க்கும் ஒரு வீடு இருந்தது, அவ்வீட்டு வாயிலில் வழிபார்த்து நின்ற மனைவி மக்கள் இருந்தனர் என்பதை ஓரிரு வரியோடு அவை விட்டுவிடும். ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போரை முடித்துவைத்தவரும், பின்னர் அந்நாட்டின் பதினெட்டாவது சனாதிபதியாக விளங்கியவருமாகிய யுலிசீஸ் கிராண்டின் பெயரை, ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றைப் படிக்கும்போது எம் மாணவர் ஒருமுறை கேட்டிருப்பர், அவ்வளவே. அவருடைய வாழ்க்கையை முழுமையாக நோக்குமிடத்து, அவர் படையிற் சேர்ந்தமை, படையை விட்டு நீங்கியமை, மீண்டும் வாளெடுத்தமை, ஈற்றில் எழுதுகோல் எடுத்தமை ஆகிய யாவற்றினூடும் குடும்பம் என்னும் நூலொன்று ஊடுருவிச் செல்வதைக் காண்கின்றோம். அந்நூலைப் பற்றிக்கொண்டே இவ்வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம்.

கிராண்ட் 1822ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 27ஆந் திகதி ஒகையோ மாநிலத்திலுள்ள பொயின்ட் பிளசன்ட் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுந் தொழிலர். இரத்தமும் பச்சைத்தோலும் நாறிய அத்தொழிற்சாலையை மகன் அறவே வெறுத்தார். இரத்தங் காண ஒவ்வாத அவ்வெறுப்பு அவரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. இறைச்சியைக் கருகக் கருக வாட்டினாலன்றி அவர் உண்ணார். இத்தகைய ஒருவர் ஆயிரக்கணக்கானோர் மடிந்த போர்களை நடத்தும்படி விதி வகுத்திருந்தது. சிறுவயதில் அவருக்கு விருப்பமாயிருந்தது ஒன்றே; அது குதிரை. பெரியோர் அடக்க இயலாத குதிரைகளையும் அச்சிறுவர் அன்பினால் வசப்படுத்தினார்.

வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரிக்கு அவர் 1839இற் சென்றதும் தம் விருப்பினால் அன்று. தந்தையார் மகனைக் கேளாமலே இடம் பெற்றுவிட்டார். பெற்றோர் இட்ட பெயர் ஹைரம் யுலிசீஸ். விண்ணப்பித்த சட்டசபை உறுப்பினர் பெயரைப் பிழையாக எழுதிவிட, யுலிசீஸ் எஸ். கிராண்ட் என்பதே நிலைத்தது. 1843இல் முப்பத்தொன்பது பேருள் இருபத்தோராமவராகத் தேறி வெளியேறினார். கணிதத்திற் கெட்டிக்காரர். சில காலம் படையிலிருந்துவிட்டு எங்கேனும் ஒரு கல்லூரியிற் கணித ஆசிரியராக அமர்வதே அவர் கொண்டிருந்த ஆசையாம். எம் தொழிலுக்கு ஓராசிரியர் குறைந்துபோனாரே என்று ஒரு கணம் எண்ணத் தோன்றுகிறது.

முதல் உத்தியோகம் மிசூரி மாநிலத்திலே, சென் லூயி நகருக்கு அண்மையிலுள்ள படைவீட்டிற் கிடைத்தது. கல்லூரியில் உடனுறைந்த தோழனாகிய பிரெட்ரிக் டென்ற் என்பாரின் வீடு அங்கிருந்து ஐந்து மைல் தூரத்தில் இருந்தது. தோழனைக் காணப் போகும் முகத்தாற் போய், தோழனின் தங்கை யூலியாவைக் கண்டார். 1844இற் படைப்பிரிவு லூசியானாவுக்குப் பெயர்ந்தபோது, விடைபெறும் நோக்கத்தோடு குதிரையேறிப் போன கிராண்ட், வழியில் வெள்ளம் பெருகி ஓடிய சிற்றாறொன்றை நீந்திக் கடந்து, நனைந்த உடையோடு அவ்வீட்டை அடைந்து தம் மனத்திலிருந்ததைச் சொன்னார். எடுத்த வழியில் திரும்பி வருதல் அவருக்குப் பிடிக்காது. பிற்காலத்திலே படை நடத்தும்போதும் இக்குணமே முன்னின்றது.

யூலியாவின் தந்தையாருக்கு இச்சம்பந்தம் விருப்பமில்லை. சிறுசம்பளக்காரனாய் ஊரூராய் அலையும் படைவீரனுக்குப் பெண் கொடுக்க எந்தத் தந்தைதான் விரைவார்? கிராண்டின் பெற்றோருக்கும் விருப்பமில்லை; அதற்குக் காரணம் வேறு. டென்ற் குடும்பத்தார் அடிமைகளை வைத்து ஆண்டவர்கள். கிராண்டின் தந்தையாரோ அடிமைமுறையை வெறுத்தவர். இதற்கிடையில் மெக்சிக்கோப் போர் மூண்டது. மணம் பேசி நான்காண்டுகள் சென்றன; அந்நான்காண்டில் இருவரும் ஒரேயொருமுறைதான் சந்தித்தனர். மெக்சிக்கோவில் அவர் துணிவோடு போராடினார். ஆயினும், வலியோர் எளியோர்மீது தொடுத்த நெறியற்ற போர் அது என்னும் கருத்தையே இறுதிவரை கொண்டிருந்தார். 1848ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22இற் சென் லூயியில் திருமணம் நடந்தது. மணமகனின் பெற்றோர் வரவில்லை.

யூலியாவின் கண்ணொன்று சற்று மாறுகண். பிற்காலத்திலே கணவர் புகழ்பெற்ற தளபதியானபோது, பலர் முன்னிலையில் தோன்றவேண்டியவளாயினோமே என்று நாணி, சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாமோ என அவ்வம்மையார் எண்ணினார். கிராண்ட் இணங்கவில்லை. அக்கண்களைக் கண்டன்றோ தாம் காதல் கொண்டார், அவை அப்படியே இருக்கட்டும் என்பது அவர் சொன்ன விடையின் பொருள். அம்மையாரே இதனைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்துள்ளார்.

இனி, அவருடைய வாழ்வின் கசப்பான பகுதிக்கு வருவோம். 1852இல் அவருடைய படைப்பிரிவு பசுபிக் கரைக்கு அனுப்பப்பட்டது. யூலியா இரண்டாம் பிள்ளையை வயிற்றிற் சுமந்திருந்தார். அவரை அழைத்துச் செல்ல இயலவில்லை. அக்காலத்திலே பனாமாக் கால்வாய் இல்லை. கப்பலிற் சென்று, பனாமா நிலவிடுக்கைக் காட்டுவழியே கடந்து, அப்பாலுள்ள கடலில் மறுகப்பல் ஏறவேண்டும். அவ்வழியில் வாந்திபேதி புகுந்தது. படைவீரரும் அவர்தம் பெண்டிர் பிள்ளைகளுமாக 100 பேருக்கு மேல் மாண்டனர். கோவேறு கழுதைகளைத் தேடிப் பிடித்தும், நோயாளரைச் சுமப்பித்தும், இறந்தோரைப் புதைப்பித்தும் கிராண்ட் இரவுபகலாய் உழைத்தார். அதே யூலை மாதத்தில், 22ஆந் திகதி, ஒகையோவில் இரண்டாம் மகன் பிறந்தான். மனைவியை உடன்கொண்டு வந்திருந்தால் தாயையும் சேயையும் அக்காட்டிலே இழந்திருத்தல் கூடும்.

பசுபிக் கரையில் வன்கூவர்க் கோட்டையிலும், பின்னர்க் கலிபோர்ணியாவின் வடபாலுள்ள ஹம்போல்ட் கோட்டையிலும் ஏறக்குறைய ஈராண்டு கழிந்தன. சம்பளமோ குடும்பத்தை வரவழைக்கப் போதாது. எப்படியேனும் பணந் தேடி மனைவி மக்களை அழைப்பிக்க வேண்டுமென்று அவர் பட்ட பாட்டைக் கேட்டால், சிரிப்பதோ இரங்குவதோ என்று தெரியாது. உருளைக்கிழங்கு நட்டார், ஆற்றுவெள்ளம் ஒரு பகுதியை அழித்தது, எஞ்சியதைக் கிண்டியெடுத்தபோது ஊரெல்லாம் கிழங்காய் விலை விழுந்துவிட்டது. பனிக்கட்டியைக் கப்பலேற்றிச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார். எதிர்க்காற்றினாற் கப்பல் தாமதித்து அதுவும் நட்டமாயிற்று. வீட்டிலிருந்து கடிதம் வருவதும் அருமை. ஒருமுறை யூலியா தம் கடிதத்தின் அடியிலே, தந்தை காணாத அக்குழந்தையின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தார். அதனை உடனிருந்த படைவீரரொருவரின் மனைவிக்குக் காட்டியபோது கிராண்டின் கை நடுங்கிற்று, கண் கலங்கிற்று என்பர்.

மலாயாவிலும் தென்னிலங்கையிலும் உத்தியோகம் பார்த்து, ஊரிலே மனைவி மக்களை விட்டுவைத்து, மாதந்தோறும் மணியோடரும் ஆண்டுக்கொருமுறை விடுமுறையுமாகக் காலங்கழித்த எம் முன்னோர் எத்தனை பேர்! இம்மலரைக் கையிலெடுக்கும் முதியோர் சிலருக்கேனும் இப்பகுதி புதிதாயிராது.

தனிமையிலே கிராண்ட் மதுவை நாடினார். மது அவருக்குச் சிறிதும் ஒத்துக்கொள்ளாத உடம்பு; ஓரிரு கிண்ணத்திலே தடுமாறுவார். ஈற்றில் 1854 ஏப்பிரலில், கப்ரன் பதவி கைக்கெட்டிய அவ்வேளையிலேயே, இராசினாமாக் கடிதம் எழுதினார். மதுவின் காரணத்தால் மேலதிகாரி நெருக்கினார் என்று பேசிக்கொண்டனர். அப்பேச்சு அவரை வாழ்நாள் முழுதும் நிழல்போலத் தொடர்ந்தது. அதனை முற்றும் பொய்யென்று தள்ளுவார் அல்லேம். ஆயினும், ஈராண்டாக அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் யாவும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: இனியும் பிரிந்திருத்தல் ஆற்றேன் என்பதே அது. குடியன் படையை விட்டான் என்றது ஊர்; வீடு தேடிய தகப்பன் படையை விட்டான் என்கின்றோம் யாம்.

திரும்பி வரும் வழியில் நியூ யோர்க் நகரில் கையிற் காசின்றி நின்றார். வெஸ்ட் பொயின்டிற் பழகிய சைமன் பக்னர் என்னும் நண்பர் விடுதிச் செலவுக்கு உதவினார். இப்பக்னரை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்களாக.

அடுத்த ஏழாண்டும் வறுமையே. மாமனாரின் நிலத்திலே தம் கையால் மரந் தறித்து வீடொன்று கட்டினார். பாடுபட்டும் பயன் காணாத இடம் என்னும் பொருள்படும் பெயரை நகையாக அதற்கு இட்டார். விளைச்சல் பொய்த்தது. பழைய படைச்சட்டையை உடுத்து, சென் லூயித் தெருக்களில் விறகு விற்றார். 1857ஆம் ஆண்டு நத்தாருக்கு இரண்டு நாள் முன் தமது பொற்கடிகாரத்தை 22 டொலருக்கு ஈடு வைத்தார். அந்த ஈட்டுச் சீட்டு அழியாதிருந்தமையால் நாமும் அறிந்தோம். பிள்ளைகளோ 1858க்குள் நால்வராயினர்: பிரெட், யுலிசீஸ், நெல்லி, யெசி. அவ்வறுமையின் நடுவே, 1859 மார்ச்சில், மாமனார் வழியாகத் தமக்குக் கிடைத்த வில்லியம் யோன்ஸ் என்னும் அடிமையை ஒரு சதமும் பெறாமல் விடுதலை செய்தார். விற்றிருந்தால் அக்குடும்பத்தின் இடர் பலநாளுக்குத் தீர்ந்திருக்கும். மனைவி வீட்டாரின் அடிமைகளுடைய உழைப்பிலே தாமும் பங்குகொண்டு வாழ்ந்தவர்தாம் அவர், அக்குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும் கையில் விறகுக்காசுகூட நில்லாத காலத்தில் அவர் செய்த இச்செயலைச் சனாதிபதியாயிருந்து செய்த பல செயல்களினும் உயர்ந்ததாக எண்ணுகின்றோம். 1860இல் வேறு வழியின்றி, இலினோய் மாநிலத்துக் கலீனாவில் இருந்த தந்தையாரின் தோற்கடையிலே, தம்பிமாரோடு ஒருவராய் வேலைக்கு அமர்ந்தார். எத்தொழிலை வெறுத்து ஓடினாரோ அத்தொழிலே வந்து பற்றிக்கொண்டது.

1861 ஏப்பிரலில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. படைப்பயிற்சி பெற்றோர் தேவைப்பட்டனர். யூன் மாதத்தில் இலினோயின் 21ஆம் படைப்பிரிவுக்குத் தலைவரானார். மூன்றாண்டு செல்லுமுன் அமெரிக்கப் படை முழுவதும் அவர் ஆணையின்கீழ் வந்தது. இப்போர்களை விரித்தல் எம் நோக்கமன்று. அவற்றிற்குப் பெருநூல்கள் உள. 1862 பெப்ரவரியிலே டொனல்சன் கோட்டையைப் பிடித்து, நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டுமென்று ஆணை போக்கினார். அவ்வாறு சரணடைந்த எதிர்ப்படைத் தலைவர் யார் எனின், முன்னர்க் கூறிய பக்னரே! போர்க்களத்தில் ஆணையைத் தளர்த்தாத கிராண்ட், சரணடைந்த நண்பரைத் தனியே கண்டு, வேண்டுமாயின் தம் பணப்பையை எடுத்துக்கொள்ளும்படி கூறினார்.

இவ்வெற்றியின்போது அவர் வாயிற் சுருட்டோடு நின்றார் எனச் செய்தித்தாள்கள் எழுத, நாடெங்கணுமிருந்து மக்கள் சுருட்டுப் பெட்டிகளை அனுப்பத் தொடங்கினர். 10,000 சுருட்டு வந்து குவிந்தனவாம். அளவாய்ப் பிடித்தவர் அளவின்றிப் பிடிக்கலாயினார். அந்நன்கொடையின் விலையை இருபது ஆண்டின் பின் அவர் கொடுத்தார்.

அதே ஆண்டு ஏப்பிரலில் ஷைலோவில் இரு நாட்போரிலே இருதிறத்தும் 23,000க்கு மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். டிசெம்பரில், தமது படையெல்லைக்குள் இருந்த யூதரை வெளியேற்றும்படி கிராண்ட் ஒரு கட்டளையிட்டார். வணிகர் சிலரின் குற்றத்தை ஓர் இனத்தின்மேற் சுமத்திய அக்கட்டளை கொடிது. லிங்கன் அதனை உடனே நீக்குவித்தார். யூலியாவே அதனைக் கண்டித்தவர். கிராண்டும் பிற்காலத்தில் அதற்காக வருந்தினார்.

போர்க்காலத்திலும் அவர் குடும்பத்தை விட்டிருந்தாரல்லர். மேற்குக்கரைப் பாடம் மறக்கவில்லை போலும். இயன்றபோதெல்லாம் யூலியாவையும் பிள்ளைகளையும் பாசறைக்கு அழைப்பித்துக்கொண்டார். 1863இல் விக்ஸ்பேர்க் முற்றுகைக்குப் போகும்போது, பதின்மூன்று வயது நிரம்பாத மூத்த மகன் பிரெட் உடன் சென்றான். தந்தையின் வாளையும் இடைக்கச்சையையும் பூண்டு திரிந்த அப்பிள்ளையின் காலிலே குண்டொன்று பாய்ந்தது. நல்லூழாக எலும்பு தப்பிற்று. பிள்ளையைப் போர்முகத்துக்குக் கொண்டுசென்றது தகுமோ என்று யாரும் கேட்பர். யாமுங் கேட்கின்றோம், அன்பு சில வேளை அறிவை மறைக்கும் என்றே விடை கூறவேண்டியுளது. யூலை 4இல் விக்ஸ்பேர்க் வீழ்ந்தது. மிசிசிப்பி ஆறு முழுவதும் ஐக்கிய அரசின் வசமாயிற்று.

1864 மார்ச்சில் லிங்கன் அவரைத் தலைமைத் தளபதியாக்க வாஷிங்டனுக்கு அழைத்தார். பயணப் புழுதி படிந்த உடையோடு, ஒரு சிறுவனைக் கையிற் பிடித்துக்கொண்டு விடுதிக்குள் நுழைந்தவருக்கு, அங்கிருந்த எழுதுவினைஞர் மேல்மாடியில் ஒரு சிற்றறையைக் காட்டினார். வந்தவர் மறுபேச்சின்றி இடாப்பிலே தம் பெயரையும் மகன் பெயரையும் எழுதினார். அப்பெயரைக் கண்ட எழுதுவினைஞர் பட்ட பாட்டை வாசகர் ஊகித்துக்கொள்க.

ஓராண்டு கடும்போர் நிகழ்ந்தது. கோல்ட் ஹார்பரிலே ஆயிரக்கணக்கானோரைப் பயனின்றி இழந்த தாக்குதலை ஆணையிட்டமைக்குத் தாம் என்றும் வருந்துவதாக அவரே பின்னாளில் எழுதினார். 1865 ஏப்பிரல் 9இல், வேர்ஜினியா மாநிலத்து அப்பொமற்றொக்ஸ் என்னும் ஊரிலே, எதிர்த்தளபதி ரொபேட் லீ சரணடைந்தார். லீ புத்தாடையும் பொற்பிடி வாளுமாய் வந்தார். வென்றவரோ சேறு தெறித்த சாதாரண படைவீரச் சட்டையோடு வந்தார். தோற்றோர் வீடு செல்லலாம், சொந்தக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் உழவுக்குக் கொண்டு போகலாம் என்று கிராண்ட் இணங்கினார். பசித்திருந்த எதிர்ப்படைக்கு 25,000 பேருக்கான உணவும் கொடுப்பித்தார். தம் வீரர் வெற்றி முழக்கமிட்டபோது அதனை நிறுத்துவித்தார். விதைப்புக் காலத்திலே வீட்டில் ஆண்மகன் இல்லாதிருத்தல் இன்னதென விறகு விற்றவருக்குத் தெரியாதா?

ஐந்தாம் நாள் லிங்கனும் மனைவியாரும் கிராண்ட் தம்பதிகளை நாடகம் பார்க்க அழைத்தனர். நியூ யேர்சியிலே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காண இரவே புறப்படவேண்டுமென்று கூறி அவர்கள் அவ்வழைப்பை மறுத்தனர். புகைவண்டிப் பயணத்திடையே, பிலடெல்பியாவில், லிங்கன் சுடப்பட்ட செய்தி தந்தியில் வந்தது. பிள்ளைப் பாசம் அன்றிரவு அவரை அந்நாடகசாலையிலிருந்து விலக்கிவைத்தது.

1869 முதல் 1877 வரை எட்டாண்டு சனாதிபதியாயிருந்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வழங்கும் அரசியற் சட்டத்திருத்தம் 1870இல் நிறைவேறியது. அம்மக்களை இரவிலே முகமூடியிட்டுத் தாக்கிக் கொன்ற கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு ஒடுக்கினார். இவை அவருக்குப் புகழ். ஆனால் உறவினர்க்குப் பதவிகள் வழங்கினார். அருகிலிருந்தோர் ஊழல் செய்தபோது நம்ப மறுத்தார். தம்மைச் சேர்ந்தவரைக் கைவிடலாகாது என்னும் குணம் இல்லத்திற்கு அணியாயிருப்பினும் அரசுக்குக் கேடாய் முடிந்தது. 1875இல், மூன்றாம் முறை நிற்பதில்லையென்று எழுதிய கடிதத்தை மனைவியார் தடுப்பார் என்றஞ்சி, தாமே எழுந்து சென்று தபாலிற் சேர்த்துவிட்டுப் பின்னரே அவருக்குச் சொன்னாராம். படையை அஞ்சாதவர் அஞ்சியது இங்கேதான். ஒரே மகள் நெல்லிக்கு 1874இல் வெள்ளை மாளிகையிலே ஆங்கிலேயரொருவரோடு மணம் நடந்தது. மகள் கடல்கடந்து போனபின், அவள் இருந்த அறையிலே தந்தை தனித்திருந்து அழுதார்.

பதவி நீங்கியபின் 1877 முதல் 1879 வரை யூலியாவோடு உலகைச் சுற்றினார். ஐரோப்பிய அரண்மனைகள், எகிப்து, பம்பாய் தொடக்கம் கல்கத்தா வரை இந்தியா, சீனம், யப்பான் என அச்சுற்றுலா நீண்டது. மீண்டு வந்து நியூ யோர்க்கிற் குடியேறினார். இரண்டாம் மகன் யுலிசீஸ், பேடினண்ட் வாட் என்னும் இளைஞனோடு கூட்டுச்சேர்ந்து பணவியாபாரம் நடத்தினான். தந்தை தம் கைப்பொருள் முழுவதையும் அதில் இட்டார். வாட் ஒரே பத்திரத்தைப் பல இடத்தில் ஈடுவைத்தும், புதிதாய்ப் பணமிட்டோரின் பணத்தையே பழையோர்க்கு இலாபமெனக் கொடுத்தும் வந்த வஞ்சகன். 1884 மே மாதத் தொடக்கத்தில், ஒருநாள் தவணைக்கு 150,000 டொலர் வேண்டுமென்று கிராண்டையே ஏவினான். அவர் பெருஞ்செல்வர் வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் போய்த் தம் சொல்லின்மேற் கடன் வாங்கிக் கொடுத்தார். மறுநாளன்று மறுநாள், மே 6இல், வியாபாரம் வங்குரோத்தாயிற்று. காலையிலே தம்மைச் செல்வராக எண்ணி வீட்டினின்று புறப்பட்டவர், மாலையிலே கையில் ஏறக்குறைய 80 டொலரோடு நின்றார். மக்களின் பொருளும் அதனோடு போயிற்று.

வாண்டர்பில்ட் கடனைத் தள்ளிவிட முன்வந்தும் கிராண்ட் கேட்கவில்லை. வீடு நிலங்களோடு, தாம் பெற்ற வாள்கள், பதக்கங்கள், அரசர் அளித்த பரிசில்கள் அனைத்தையும் எழுதிக்கொடுத்தார். முன்பின் அறியாத ஒருவர் 1,000 டொலர் அனுப்பினார். மெக்சிக்கோவின் தூதர் மத்தியாஸ் ரொமேரோ இன்னும் 1,000 டொலர் கொடுத்துதவினார்; எந்நாட்டின்மீது இளமையிற் போருக்குப் போனாரோ அந்நாட்டின் தூதர்! இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். 1869இற் சனாதிபதியானபோது அவர் தமது படைப்பதவியைத் துறந்துவிட்டார். ஆதலின் படைப் பென்சன் இல்லை. சனாதிபதியாயிருந்தோர்க்கும் அக்காலத்திற் பென்சன் கிடையாது. பென்சனின் அருமையை எம் ஊராருக்கு எடுத்துச் சொல்லவேண்டுமோ?

அவ்வாண்டு யூனில் ஒருநாள், பீச்சுப் பழமொன்றைக் கடித்தபோது தொண்டையிற் பெருநோவு கண்டது. தம் வைத்தியர் வெளிநாட்டிலிருந்து மீளும்வரை காத்திருந்தார். ஒக்டோபரிற் காட்டியபோது அது புற்றுநோய் என்று தெரிந்தது. தாம் இறந்தால் யூலியா எதைக் கொண்டு வாழ்வார்? இவ்வொரு வினாவே அதன்பின் அவர் முன்னின்றது.

மாத சஞ்சிகையொன்று போர்க்கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 500 டொலர் தருவதாகக் கேட்டிருந்தது. முதலில் ஷைலோவைப் பற்றி எழுதியனுப்பினார். அது கந்தோருக்கு அனுப்பும் அறிக்கைபோல வறண்டிருந்தது. பத்திராதிபர் நேரில் வந்து, வாயாற் பேசும்போது சொல்வனவற்றையெல்லாம் எழுத்திலும் சொல்லலாமே என நயமாக எடுத்துக்காட்டினார். அறுபத்திரண்டு வயதான தளபதி, மாணவனைப்போலக் கேட்டுத் திருத்தி எழுதினார். கட்டுரைப் பாடம் படிப்பிக்கும் எமக்கு இந்நிகழ்ச்சி மிக உவப்பானது. இயல்பாகவே அவர் நடை சுருங்கியது, தெளிந்தது. போர்க்களத்திலே அவர் எழுதிய கட்டளைகளை எவரும் இருமுறை படிக்க நேர்ந்ததில்லை என்பர். அணியும் அலங்காரமும் இன்றிக் கண்டதைக் கண்டவாறு கூறும் அந்நடை, கட்டுரைகள் நூலாக விரிந்தபோது நூலையும் தாங்கி நின்றது.

எழுத்தாளர் மார்க் ட்வெயின் அந்நூலின் செய்தியறிந்து ஓடி வந்தார். சஞ்சிகையார் கூறிய நூற்றுக்குப் பத்துப் பங்கு மிகக் குறைவென்று விளக்கி, தம் பதிப்பகத்தின் வாயிலாக இலாபத்தில் நூற்றுக்கு எழுபது தருவதாகக் கூறினார். முதலிற் கேட்டவர்க்கன்றோ கொடுக்கவேண்டும் எனத் தயங்கிய கிராண்ட், குடும்பத்தை எண்ணி 1885 பெப்ரவரியில் இணங்கினார். மார்ச் 4இல் காங்கிரஸ் சபை அவருக்குப் படைப்பதவியையும் அதற்குரிய சம்பளத்தையும் மீளக் கொடுத்தது. அவர் அசையாதிருந்தார், யூலியாவே ஆனந்தங் கொண்டார்.

பின் நடந்தது ஒரு போர் என்றே சொல்லலாம். தண்ணீர் விழுங்குவதும் தீயை விழுங்குவதுபோலாயிற்று. அறிவு மங்கும் என்றஞ்சி, நோவு தணிக்கும் மருந்தையும் வேண்டிய அளவு கொள்ளமாட்டார். குரல் இருக்கும்வரை சொல்லி எழுதுவித்தார். குரல் போனபின் பென்சிலாற் தாமே எழுதினார். மூத்த மகன் பிரெட் அருகிருந்து ஆண்டுகளையும் ஆவணங்களையும் ஒப்புநோக்கினான். விக்ஸ்பேர்க் அதிகாரங்களை எழுதும்போது, அன்று காலிற் குண்டுபட்ட பிள்ளை வளர்ந்து தந்தையின் பக்கத்திலே இருந்தான்! படுத்தால் மூச்சடைக்குமாதலின், தோற்கதிரை இரண்டை எதிரெதிரே இட்டு, ஒன்றில் இருந்து ஒன்றிற் கால் நீட்டியே துயின்றார். யூன் நடுப்பகுதியில் நியூ யோர்க் வெப்பத்தினின்றும் நீக்கி, வடக்கே மக்கிரெகர் மலையிலுள்ள ஒரு குடிலுக்கு அவரைக் கொண்டுசென்றனர். அங்கு யூலையில் முதியவரொருவர் காண வந்தார், அவர் பக்னர். பேச இயலாத கிராண்ட் காகிதத்தில் எழுதி எழுதி அவரோடு அளவளாவினார்.

நூல் முடிந்து சில நாள் செல்ல, 1885 யூலை 23ஆந் திகதி காலை, மனைவி மக்கள் சூழ்ந்திருக்க உயிர் பிரிந்தது. யூலியாவுக்கு எழுதிய கடிதமொன்று அவர் சட்டைப்பையிற் காணப்பட்டது. சவப்பெட்டியைத் தாங்கும் பெருமை பெற்றோருள், உடன் நின்று பொருத ஷேர்மன், ஷெரிடன் என்போரோடு, எதிர்நின்று பொருத யோன்ஸ்ரனும் பக்னரும் இருந்தனர்.

பழைய போர்வீரர் வீடுவீடாகச் சென்று நூலுக்குப் பதிவு சேர்த்தனர்; 300,000க்கு மேற்பட்ட தொகுதிகள் விலைப்பட்டன. 1886 பெப்ரவரியில் யூலியாவுக்குக் கிடைத்த முதற் காசோலை 200,000 டொலர். மொத்தம் 4 இலட்சத்துக்கு மேல். இரு பாகமாயமைந்த அந்நூலிலே மனைவியைப் பற்றிய வரிகளோ மிகச் சில.

அடக்கஞ் செய்யும் இடம் பற்றியும் அவர் தம் எண்ணத்தை முன்னரே தெரிவித்திருந்தார். வெஸ்ட் பொயின்டிலே இடமுண்டு. ஆயின் அங்கே மனைவியைப் பக்கத்தில் வைக்க விடமாட்டார்களென்று கருதி அதனை விலக்கினார். எங்கே வைப்பினும் யூலியாவுக்கும் அருகில் இடம் வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. நியூ யோர்க் நகரத்து ஆற்றங்கரையில் எழுந்த கல்லறை மண்டபம் 1897 ஏப்பிரல் 27இல் திறக்கப்பட்டது. 1902 டிசெம்பரில் யூலியா காலமானார். ஒரே அளவான கற்பேழை இரண்டு அங்கே அருகருகே இருக்கின்றன. அம்மையார் எழுதிவைத்த நினைவு நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை; 1975ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. வெள்ளத்தில் நனைந்த உடையோடு வந்து நின்ற இளைஞரின் கதை அதில் அவர் பார்வையிலிருந்து சொல்லப்பட்டிருக்கிறது.